பிளேட்டை மூன்று நாளாவது வைக்கச் சொல்

லாஸ்பேட்டை,
புதுச்சேரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நோயாளியைப் பற்றி நீ எழுதியதை நிதானமாகப் படித்தேன். ஐம்பதைத் தாண்டியவர், குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெல் விவசாயம், கட்டுக்குள் வராத சர்க்கரை, மூன்று வாரமாகக் காய்ச்சல், எடையும் குறைந்துவிட்டது. எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் நிழல் தெரிகிறது, ஆனால் சளியில் டிபி கிருமி இல்லை. ஸ்கேனில் மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். கோவையில் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் படுத்துவிட்டார். டிபி மருந்தைத் தொடங்கிவிடலாம் என்று உன் யூனிட்டில் சொல்கிறார்கள் என்றாய். அதைக் கொஞ்சம் நிறுத்தி வை. எனக்கு மெலியாய்டோசிஸ் என்றுதான் படுகிறது.

சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் நோய் இது. அந்தக் கிருமி கால் வெடிப்பு வழியாகவோ மழைக்காற்றோடு மூச்சிலோ உள்ளே போகும். பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலாக வெளிப்படும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்துவிட்டு எழும். அதனால் “இப்போது எங்கே இருக்கிறீர்கள்” என்பதோடு நிறுத்தாதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே இருந்தார், வெள்ளம் நின்ற வயலில் இறங்கினாரா என்று கேள். சர்க்கரை நோய்தான் இதற்குப் பெரிய வாசல். சிறுநீரக நோயும் மிகுந்த குடியும் அடுத்த வாசல்கள்.

இந்த நோய் தவறிப்போவது பெரும்பாலும் லேபில்தான். என் வேலையே அது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ரத்தம், சளி, சிறுநீர், தொண்டை ஸ்வாப், எடுக்க முடிந்தால் சீழ், எல்லாவற்றையும் கல்ச்சருக்கு, அதாவது பிளேட்டில் கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பு. இருமல் இல்லாதவருக்கும் தொண்டை ஸ்வாப் எடு. ரத்தக் கல்ச்சர் ஒன்றை மட்டும் நம்பினால் நோயாளிகளில் கணிசமானவர்களை விட்டுவிடுவோம். எந்த மாதிரியில் இது வளர்ந்தாலும் நோய் உறுதி, ஏனென்றால் மனித உடம்பில் இயல்பாகக் குடியிருக்கும் கிருமி அல்ல இது. எல்லாம் நெகட்டிவ் என்று வந்து உன் சந்தேகம் தீரவில்லை என்றால் மறுபடி அனுப்பு. சளியை சிபிநாட் என்ற டிபி மரபணுச் சோதனைக்கும் கொடு; இரண்டு நோயும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு.

அனுப்பும் சீட்டில் “மெலியாய்டோசிஸ் சந்தேகம்” என்று தெளிவாக எழுது. எழுதாவிட்டால் 24 மணி நேரத்தில் பிளேட்டில் தெரியும் பொடிக் காலனிகளை, அதாவது கிருமிக் கூட்டங்களைப் பார்த்து “சூடோமோனாஸ்” என்ற வேறு கிருமியாக ரிப்போர்ட் போட்டுவிடுவார்கள், அல்லது வெளிக்கிருமி கலந்துவிட்டது என்று பிளேட்டைத் தூக்கிப் போடுவார்கள். சுருக்கம் விழுந்த, உலர்ந்த காலனி 48 முதல் 72 மணி நேரத்தில்தான் முகம் காட்டும். கிராம் ஸ்டெய்ன் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரு முனையும் சாயமேறி ஊக்கு மாதிரி தெரியும். ஆக்சிடேஸ் சோதனை பாசிட்டிவ். அதோடு ஜென்டாமைசின், கோலிஸ்டின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாமல் ஆக்மென்டினுக்கு அடங்கினால் இதுவென்றே நினை. பிளேட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது, வேலையெல்லாம் சேஃப்டி கேபினெட்டுக்குள்தான் என்று டெக்னீஷியனிடம் நீயே போய்ச் சொல். சீட்டில் எழுதாமல் விடுவது அந்த லேப் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் இந்த நோயைக் கண்டறிந்தார்கள். பிறகு அது “விட்மோர் நோய்” ஆயிற்று. கிருஷ்ணசாமி பெயரையும் சேர்த்து உன் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடு.

மாதிரிகளை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கு, ரிசல்ட்டுக்காகக் காத்திராதே. செஃப்டாசிடைம் 2 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. பிரஷர் இறங்கி ஷாக்கில் இருந்தால் மெரோபெனம் 1 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினைன் பார்த்து அளவை மாற்று. செஃப்ட்ரையாக்சோன் வேண்டாம், அதில் இறப்பு அதிகம். ஊசி குறைந்தது இரண்டு வாரம். இவருக்கு உள்ளுறுப்பில் கட்டி இருப்பதால் நான்கு வாரம் என்று வைத்துக்கொள். காய்ச்சல் இறங்க ஒன்பது, பத்து நாள்கூட ஆகும். ஐந்தாம் நாள் சூடு இருக்கிறதே என்று மருந்தை மாற்றாதே. வடிக்காத சீழ் எங்காவது இருக்கிறதா என்று தேடு. ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் ஒளிந்திருக்கலாம், அதனால் ஸ்கேனில் இடுப்பையும் சேர்க்கச் சொல். அங்கே பெரிய கட்டி இருந்தால் வடிக்க வேண்டும். மண்ணீரலில் உள்ள பொடிக் கட்டிகளைத் தொட வேண்டாம்.

ஊசி முடிந்ததும் கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். 60 கிலோவுக்கு மேல் இருந்தால் 160/800 மாத்திரை காலையில் இரண்டு, இரவில் இரண்டு. 40 முதல் 60 கிலோ என்றால் ஒன்றரை ஒன்றரை. கூடவே ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம். சல்ஃபா அலர்ஜி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடு. அவர் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாய். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும், அதனால் இந்த மூன்று மாதமும் இன்சுலினில் வைப்பதே நல்லது. எனலாப்ரில், லோசார்டான் மாதிரி பிரஷர் மாத்திரை இருந்தால் பொட்டாசியம் ஏறும். முதல் சில வாரம் வாராவாரம் பொட்டாசியம், கிரியாட்டினைன், ரத்த அணுக்கள் பார்.

உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துவார்கள், நோய் திரும்பும். அவர் மனைவியை உட்காரவைத்து மூன்று மாதக் கணக்கைக் காலண்டரில் குறித்துக் கொடு. ஊர் திரும்பியபின் வயலில் பூட்ஸ் இல்லாமல் இறங்கக் கூடாது என்றும் சொல். கடலூர் அரசு மருத்துவமனையிலோ இங்கே ஜிப்மரிலோ காட்டும்படி, கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலை வைத்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடு. மூன்றாம் நாள் பிளேட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நள்ளிரவானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா