படிவத்தை முதலில் நான் நிரப்பினேன்

விருதம்பட்டு,
வேலூர்.

அன்புள்ள குமார்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தாமதத்துக்கு வெயில்மீது பழி போடலாம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்க்காரன் எந்தச் சாக்குச் சொன்னாலும் செல்லும். உண்மையில், நீ கேட்டிருந்ததற்கு இரண்டு வரியில் பதில் எழுத வரவில்லை. உங்கள் தாம்பரம் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்பு தொடங்கப் போகிறீர்கள், கதை சொல்லவும் கேரம் கற்றுத்தரவும் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், "எல்லாரும் தெரிந்தவர்கள்தானே, இதற்கும் போலீஸ் சரிபார்ப்பா?" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை இரண்டு வருடத்துக்கு முன் நானும் கேட்டேன். கொஞ்சம் உரத்த குரலில்.

நம் வாலிபால் மைதானம் இப்போது நாம் ஆடிய காலத்து மைதானம் இல்லை. மாலையில் அறுபது பிள்ளைகள் வருகிறார்கள், அதில் பெண் பிள்ளைகள் இருபது பேர். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் பாடம். சொல்லித்தர வருகிற பெரியவர்கள் பதினொரு பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்காதவரிடம் கேள்வி கேட்க நமக்கு வாய் வராது, குமார். காசில்லாமல் வருகிறாரே, அவரைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று மனம் கூசும். நான் இரண்டு வருடமாகப் போராடிக்கொண்டிருப்பது இந்தக் கூச்சத்தோடுதான்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது உனக்குத் தெரியும். அதன் 2020-ஆம் ஆண்டு விதிகளைப் பெற்றோர் ஒருவர் அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினார். பள்ளியோ காப்பகமோ விளையாட்டுப் பயிற்சி மையமோ, பிள்ளைகளோடு வழக்கமாகப் பழகும் இடம் எதுவானாலும், அங்குள்ள ஊழியர்களைக் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிப் பயிற்சியும் தரவேண்டும் என்கிறது அது. நம் அணியில் அடிப்பவருக்குப் பந்து தூக்கிக் கொடுக்கும் செட்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஊழியர் என்றுதானே போட்டிருக்கிறது? நாம் யாருக்கு ஊழியம் செய்கிறோம்?" என்றான். வக்கீலாகப் போயிருக்க வேண்டியவன். உன் அண்ணன் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை நின்று பரிமாறினானே, அவன்தான். முப்பது வருடமாகப் பந்தைத் தூக்கிப் போடுகிறவனிடம் நன்னடத்தைச் சான்று கேட்கிறாயா என்று விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். நான் என் படிவத்தை எல்லார் முன்னாலும் நிரப்பி, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டேன். அப்படியும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

காவல்துறைச் சரிபார்ப்பில் எனக்கு இப்போதும் பெரிய மயக்கம் இல்லை. வழக்குப் பதிவானால்தான் அதில் தெரியும். புகாரே போகாதவனின் தாள் வெள்ளையாகத்தான் வரும். எங்களுக்கு அதைவிட உதவியது தொலைபேசி. உறவினர் அல்லாத இரண்டு பேரின் எண்ணைப் படிவத்தில் கேட்கிறோம். கூப்பிட்டு, "ஆள் எப்படி?" என்று கேட்டால் எல்லாரும் தங்கமானவர் என்பார்கள். அதனால் வேறு மாதிரிக் கேட்கிறோம்: "உங்கள் பேரப்பிள்ளையை இவரோடு ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு ஊருக்குப் போவீர்களா?"

போன ஆடியில் ஓர் இளைஞர் வந்தார். நல்ல படிப்பு, இனிமையான பேச்சு, கணக்குச் சொல்லித்தருகிற விதம் அருமை. சின்னப் பையன்கள் மட்டும் போதும் என்றார். மைதானத்தில் சத்தம் அதிகம், நாலைந்து பேரை வீட்டுக்கே அனுப்புங்கள் என்றார். அவர் கொடுத்த முதல் எண்ணில் எங்கள் கேள்வியைக் கேட்டோம். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நல்ல பையன்தான்... நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வைத்துவிட்டார். நாங்கள் அந்த இளைஞரைச் சேர்க்கவில்லை. அவர் குற்றமற்றவராகவே இருக்கலாம். அவரைக் கிரீன் சர்க்கிளில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் தொலைபேசியில் அதே பதில் மறுபடி வந்தால் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

பயிற்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஒதுக்கினோம். குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் வந்தார். மின்சாரம் இல்லை, சமுதாயக் கூடத்தில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்ததும் அவர், "உங்கள் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத அந்தரங்கம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லப் போகிறீர்கள்" என்றார். கூடம் அடங்கிப்போனது. லாரி ஷெட் வைத்திருக்கிறாரே நம் ராணுவக்காரர், அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துத் தோலே சிவந்துவிட்டது. நான் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆனதும் அம்மையார், "யாரும் சொல்ல வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையிடம் 'என்ன நடந்தது, சொல்லு' என்று கேட்கும்போது நாம் இதைத்தான் கேட்கிறோம்" என்றார். அதன்பிறகு மாலைவரை ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அன்று அவர் சொன்னதில் எனக்கு வலித்ததையும் எழுதிவிடுகிறேன். தனியறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கக்கூடாது, எப்போதும் பெரியவர் இருவர், பிறர் கண்ணில் படும் இடம், இது முதல் விதி. நான் கையைத் தூக்கினேன். போன ஐப்பசியில் கொட்டுகிற மழையில், அழைத்துப்போக ஆள் வராத ஒரு பெண் பிள்ளையை என் ஸ்கூட்டரில் வீட்டில் விட்டேன், அது தப்பா என்றேன். பாராட்டுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். அவர், "உங்களால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மைதானத்து சார் தனியாக வண்டியில் ஏறச் சொன்னால் ஏறலாம் என்று அவள் கற்றுக்கொண்டாள். நாளைக்கு வேறொரு சார் கூப்பிடுவார்" என்றார். இப்போது மழை வந்தால் பெற்றோருக்குப் போன் செய்துவிட்டு, இன்னொரு பெரியவரையும் நிறுத்திக்கொண்டு கூரைக்கடியில் காத்திருக்கிறோம். என் சாப்பாடு ஒன்பது மணி ஆகிறது. உன் தங்கை திட்டுகிறாள்.

பிள்ளையிடம் ஒருவர் தப்பாக நடந்துகொண்டால் அதைப் பேசியே தீர்த்துவிடுகிற வழக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு ஊறியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் பெயர் கெட்டுவிடும், நம்ம ஆள்தானே, நாலு பெரியவர்களை வைத்து முடித்துவிடலாம் என்பார்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு அதற்கு இடமே வைக்கவில்லை. குற்றம் நடந்தது யாருக்குத் தெரியவந்தாலும் அவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே உள்ளவரைக் காப்பாற்ற மறைத்தால் ஓராண்டுவரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு வராது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதும் இல்லை. சீருடை இல்லாமல் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பன்னிரண்டு பேருக்கும் இதை மட்டுமாவது சொல்லிவிடு. பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கு விசாரணை வேண்டாம், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம். அது சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைத்துவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிட வேண்டும்.

ஏலகிரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது இதெல்லாம் பழகிவிட்டது. பதினாலு கொண்டையூசி வளைவிலும் எழுதியிருக்கும் புலவர், வள்ளல் பெயர்களை உரக்கப் படித்துக்கொண்டே ஏறினார்கள், பாதிப் பேர் வாந்தி. இரவு தங்கலில் பெரியவர்களுக்குத் தனி அறை, பிள்ளைகளுக்குத் தனி அறை, பெண் பிள்ளைகளுக்குத் துணையாக இரண்டு அம்மாக்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

செட்டர் கதைக்கு வருகிறேன். நெடுநாள் கழித்து இப்போதுதான் ஒரு மாலை வந்து திண்ணையில் உட்கார்ந்தான். காப்பி குடித்தான். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த படிவத்தை எடுத்தான். போட்டோ கோணலாக ஒட்டியிருந்தது. "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்ற இடத்தில் "வாலிபால்" என்று மட்டும் எழுதியிருந்தான். அவன் கொடுத்திருந்த இரண்டு எண்களில் ஒன்று உன்னுடையது. இன்னும் கூப்பிடவில்லை, இந்த வாரம் கூப்பிடுவேன். பேரப்பிள்ளைக் கேள்வியை உன்னிடமும் கேட்பேன். யோசித்து உண்மையைச் சொல்லு.

எங்கள் படிவத்தின் நகல் இதோடு இருக்கிறது. ஐந்தாவது கேள்வியில் ஒரு எழுத்துப்பிழை உண்டு, திருத்திக்கொள். அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். முன்னதாகச் சொன்னால் இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்குச் சொல்லிவைக்கலாம். புவிசார் குறியீடு வாங்கிய பிறகு கடைக்காரரின் பேச்சே மாறிவிட்டது.

உன்,
பாலு