ஏல் (பார்லி மது) விற்கும் பெண்களுக்கு வயது வரம்பு வேண்டாம்: இங்கிலாந்தின் செஸ்டர் நகர மேயருக்கு ஒரு கோரிக்கை மனு, 1540

அனுப்புநர்:
வாட்டர்கேட் தெரு, பிரிட்ஜ் தெரு வட்டாரத்தில் ஏல் காய்ச்சி விற்கும் பெண்கள், செஸ்டர்.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள், ஆல்டர்மென் (நகரசபை மூத்த உறுப்பினர்கள்) சபை, பென்டிஸ் என்னும் நகர மன்றம், செஸ்டர்.

பொருள்: 14 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள் ஏல் கடை, மதுக்கடை நடத்தக் கூடாது என்ற ஆணையைத் திருத்தக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

நேராக விஷயத்துக்கு வருகிறோம். இந்த ஊரின் ஏல் கடைகளை எல்லாம் இளம்பெண்களே நடத்துகிறார்கள், நாட்டில் வேறெங்கும் இப்படி இல்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள், ஊர்ப்பெயர் கெடுகிறது, சண்டையும் ஒழுக்கக்கேடும் பெருகுகின்றன என்று காரணம் சொல்லி இந்த ஆணை வந்திருக்கிறது. சண்டை நடக்கவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அயர்லாந்துக் கப்பல் வந்த இரவில் துறைமுகத்துப் பக்கம் என்ன நடக்கும் என்பது எங்களுக்கு உங்களை விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் உடைந்த குவளையையும் வழிந்த ஏலையும் துடைப்பவர்கள் நாங்கள்தான். ஆனால் அதற்கு மருந்து, கடை நடத்துகிறவளின் வயதை எண்ணுவதா? இது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல இருக்கிறது.

இதை எழுதச் சொல்லும் எனக்கு வயது 34. கணவர் அயர்லாந்துக்குப் போன கப்பலோடு போனவர், திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள். என் பக்கத்து வீட்டுக்காரிக்கு 29, அவள் கணவர் படுத்த படுக்கை. எங்களில் யாருக்கும் நிலம் கிடையாது, கைவினைஞர் சங்கங்களில் இடமும் கிடையாது. கையில் இருப்பது ஒரு அண்டா, நான்கு மரத்தொட்டி, அடுப்பு, அப்புறம் அம்மாவிடம் கற்ற கைப்பக்குவம். சரி, 40 வயது வரை பொறுத்திருந்துவிட்டுப் பிறகு கடை திறக்கலாம்தான், ஆனால் அந்த 6 வருடம் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள்? 14-லிருந்து 40 வரை என்பது ஒரு பெண் பிள்ளை பெற்று, பால் கொடுத்து, அதுகளைக் கரையேற்றும் காலம். காசு அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

ஏல் எப்படி உண்டாகிறது என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் இது கூத்தடிக்கிற தொழில் இல்லை என்று தெரிந்துவிடும். முளைகட்டிக் காயவைத்த பார்லியை டீ ஆற்று ஆலைக்குத்தான் கொண்டுபோய் அரைக்க வேண்டும், அங்கே கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கு போய்விடும். விடியுமுன் அடுப்பு மூட்டி, தண்ணீர் சுட்டதும் மாவில் ஊற்றி, துடுப்பால் கிண்டி, வடிகட்டி, ஆறவைத்து, புளிக்கவைப்பதற்காகப் போன தடவை எடுத்துவைத்த நுரையைச் சேர்த்து மூடி வைக்கிறோம். வடித்த சக்கை பன்றிக்குப் போகும். வெந்நீர் கொஞ்சம் சூடு கூடினால் அந்தத் தடவை காய்ச்சியது முழுவதும் வீண். முதல் வடியில் கிடைப்பது கெட்டியான ஏல், அதே மாவில் மறுபடி தண்ணீர் ஊற்றி எடுத்தால் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் குடிக்கிற மெல்லிய ஏல். ஏழை வீட்டில் காலைச் சாப்பாடே ஒரு துண்டு ரொட்டியும் இதுவும்தான். சில நாளில் புளித்துவிடும் என்பதால் சேர்த்து வைத்து விலை ஏற்றவும் வழியில்லை. காய்ச்சினால் விற்றாக வேண்டும், விற்றால்தான் அடுத்த மூட்டை பார்லி.

இப்போது ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் காய்ச்சும் பீர் வந்திருக்கிறது. அது நீண்ட நாள் கெடாது, ஆனால் அதற்குப் பெரிய அண்டாவும் பெரிய முதலும் வேண்டும், அது எங்கள் கைக்கு எட்டாது. இந்த ஆணை நிலைத்தால் எங்கள் அடுப்புகள் அணையும், பணம் உள்ள சிலர் பெரிய அளவில் காய்ச்சுவார்கள், அப்புறம் ஊரில் ஏல் விலையைச் சொல்கிறவர்கள் அவர்கள்தான். இதை மேயர் அவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

ஏல் விற்பனைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்திலேயே ரொட்டிக்கும் ஏலுக்கும் அளவு, விலைச் சட்டம் வந்துவிட்டது, சுமார் 270 வருடம் ஆகிறது. ரொட்டிக்கு விலை மாறாது, எடைதான் மாறும். கோதுமை விலை ஏறினால் அதே காசுக்கு விற்கும் ரொட்டி எடை குறையும், இறங்கினால் கூடும். எவ்வளவு குறையலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எடை குறைத்து ஏமாற்றுகிற ரொட்டிக்காரருக்கு முதலில் அபராதம், திருந்தாமல் திரும்பத் திரும்பச் செய்தால் தொழுமரம். ஏலுக்கும் அப்படியே: பார்லி ஒரு குவார்ட்டர் (பெரிய தானிய அளவு) 20 பென்னியிலிருந்து 2 ஷில்லிங் வரை விற்ற அந்தக் காலத்தில், நகரத்துக்குள் ஒரு பென்னிக்கு 2 கேலன் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இன்று தானிய விலை வேறு, ஆனால் முறை அதேதான். ரொட்டி எடை குறைந்தால் ரொட்டியைத் தராசில் வைக்கிறீர்கள். ரொட்டிக்காரருக்கு எத்தனை வயது என்று யாரும் கேட்பதில்லை. ஏல் விற்கிறவளிடம் மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

நம் ஊருக்கே இதில் பழைய வழக்கு இருக்கிறது. வில்லியம் மன்னர் 1086-ல் எழுதவைத்த டூம்ஸ்டே என்ற நாட்டுக் கணக்கெடுப்புப் பேரேட்டில் செஸ்டரின் வழக்கங்கள் பதிவாகியிருக்கின்றன என்று எங்களுக்கு மனு எழுதித் தரும் எழுத்தர் வாசித்துச் சொன்னார். பொய் அளவு வைத்து மாட்டினால், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், 4 ஷில்லிங் அபராதம். கெட்ட ஏல் காய்ச்சினால் சாண நாற்காலியில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அதே 4 ஷில்லிங் கட்ட வேண்டும். கடுமையான தண்டனைதான். அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னால் குற்றம் செய்தவள் உட்காரட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்த விதி அளவையும் சரக்கையும் பார்த்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை வைத்தது.

ஏமாற்றுகிறவள் இருக்கிறாள் என்பதையும் மறைக்கவில்லை. லட்லோ ஊர் தேவாலயத்தில் பாடகர் இருக்கைக்கு அடியில், குவளையைக் கையில் பிடித்திருக்கும் ஏல்காரியைப் பிசாசு தோளில் தூக்கிக்கொண்டு நரகத்தின் வாய்க்குப் போவது போல மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு எங்கள் எல்லோரையும் அந்தக் கண்ணோடு பார்க்கத் தோன்றும். அது எங்களுக்கு மிகவும் வலிக்கிறது. அளவு குறைத்தவளுக்கு வந்த தண்டனை அது, இளவயதுக்காரிக்கு வந்ததல்ல. 50 வயதுக்காரி கள்ளக் குவளை வைத்தால் இந்த ஆணை அவளை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஜனவரியில் புனித வெர்பர்க் மடத்தை மன்னரிடம் ஒப்படைத்துவிட்டார்கள், கன்னியர் மடமும் போயிற்று. அதற்கு முன்பே துறவியர் மடங்கள் போயின. மடத்து வாசலில் கிடைத்த கஞ்சியும் ரொட்டியும் இனி இல்லை. வழியில்லாத பெண் ஒதுங்குவதற்கு இருந்த இடமும் இல்லை. போன வருடம்தான் நகரசபை பிச்சை எடுப்பவர்களைத் தேடிக் கணக்கெடுத்து, பெயர் எழுதி, வார்டு வாரியாகப் பிரித்து, அவரவர் வார்டில் மட்டும் பிச்சை எடுக்கலாம் என்று விதி வைத்தது. எங்கள் அடுப்பை அணைத்தால் நாங்களும் எங்கள் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில்தான் போய் நிற்போம். உழைத்துச் சாப்பிடுகிறவர்களைப் பிச்சைப் பட்டியலுக்குத் தள்ளுவது நகரசபைக்கும் சுமைதானே?

மேயர் அவர்கள் ஊருக்கு நல்லது செய்ய நினைப்பவர் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ரூடி மைதானத்தில் கை கால் உடைய நடந்த கால்பந்தை நிறுத்தி ஓட்டப்பந்தயம் வைத்ததை நாங்களும் வரவேற்றோம், அடிபட்டு வந்த பையன்களுக்குக் கட்டுப் போட்டவர்கள் நாங்கள். அங்கே விளையாட்டையே ஒழிக்காமல் மாற்றி அமைத்தீர்கள். எங்களுக்கும் அப்படி ஒரு வழி செய்து கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கை இது. ஆணையிலிருந்து வயதை எடுத்துவிடுங்கள். அது உடனே முடியாது என்றால், விதவைகளுக்கும் நோயாளிக் கணவர் உள்ளவர்களுக்குமாவது விலக்குக் கொடுங்கள். பதிலுக்கு ஒவ்வொருத்தியும் அக்கம்பக்கத்தில் நல்ல பெயருள்ள இரண்டு பேரை ஜாமீனாக நிறுத்துகிறோம், கடையில் சண்டை நடந்தால் ஜாமீன்தாரரும் பொறுப்பு. கேலன், குவார்ட் குவளைகள் எல்லாவற்றையும் பென்டிஸுக்குக் கொண்டுவந்து முத்திரை போட்டுக்கொள்கிறோம், முத்திரை இல்லாத குவளையைக் கண்டால் அங்கேயே உடைத்துப் போடலாம். பல ஊர்களில் இருப்பது போல ஏலைச் சுவை பார்க்க ஆள் அனுப்புங்கள். காய்ச்சியதும் நாங்களே சொல்லி அனுப்புவோம், அவர் ருசி பார்த்து விலை சொன்ன பிறகுதான் ஏல் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் கம்பு நீட்டி விற்போம். இரவு மணி அடித்தபின் யாருக்கும் ஊற்ற மாட்டோம், சூதாட்டக் காய் எதுவும் வீட்டுக்குள் வராது.

இவற்றில் ஏதாவது ஒன்றை மீறியவளின் கடையை மூடுங்கள், நாங்கள் அவளுக்காக வந்து நிற்க மாட்டோம். ஆணை நடப்புக்கு வருவதற்குள் எங்களை ஒருமுறை பென்டிஸுக்குக் கூப்பிட்டு நேரில் கேட்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரும்போது குவளைகளையும் கொண்டுவருகிறோம், அங்கேயே உங்கள் அளவோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஏல் காய்ச்சும் பெண்கள், செஸ்டர்
(எழுதத் தெரியாதவர்கள் கீழே குறி போட்டிருக்கிறோம்)