உன் பர்த்டேக்குப் பின்னால ஒரு சுவர் சண்டை

தம்பி,

சாப்டியாடா? அக்கா வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு, மாட்ரிட்ல கடை கண்ணின்னு சுத்தி அலுத்துப் போய் சனிக்கிழமை மாப்பிள்ளை கார்ல சோரியா பக்கம் கூட்டிட்டுப் போனார். அங்கேருந்து ஏழு கிலோமீட்டர்ல ஒரு மொட்டைக் குன்று, அதுக்கு மேலதான் நுமான்சியாங்கற பழங்கால ஊரோட இடிபாடு. "இடிஞ்ச கல்லைப் பாக்கவா இவ்ளோ தூரம்"னு மொணங்கிட்டே வந்த உங்கப்பாவைத்தான் சாயங்காலம் அங்கேருந்து கெளப்ப முடியல.

சின்ன வயசுல அழுவியே, ஜனவரி 1-ல பொறந்ததால எல்லாரும் ஹேப்பி நியூ இயர்னுட்டுப் போயிடறாங்க, என் பர்த்டே யாருக்கும் ஞாபகம் இல்லன்னு. அதுக்குக் காரணம் இந்த ஊர்ப் பக்கத்து ஆளுங்கதான்டா! இங்க கெல்டிபீரியர்னு ஒரு ஜனம் இருந்துச்சு. அதுல செகேடாங்கற ஊர்க்காரங்க தங்களோட ஊர் மதிலைப் பெருசாக்கிக் கட்டினாங்க. ஒப்பந்தப்படி கட்டக்கூடாதுன்னு ரோம்காரன் வந்து நிக்க, இவங்க "புது ஊர்தான் கட்டக்கூடாது, பழைய மதிலை நீட்டக்கூடாதுன்னு எங்க இருக்கு"ன்னாங்க. நம்ம தெரு காம்பவுண்டு சண்டையேதான். ரோம்ல படையை நடத்திட்டுப் போற பெரிய தலைவருக்கு கான்சல்னு பேரு, அவர் அப்பல்லாம் மார்ச் 15-லதான் பதவி ஏத்துப்பாராம், அதுவரைக்கும் காத்திருந்தா படை லேட்டாகும்னு கி.மு. 153-ல அதை ஜனவரி 1-க்கு இழுத்துட்டாங்க, அப்புறம் அதுவே வருஷப் பிறப்பா நிலைச்சுப் போச்சு.

செகேடா ஜனங்க ஓடி வந்து ஒதுங்கினது இந்தக் குன்றுக்குத்தான். பின்னாடியே ரோம் படை யானையெல்லாம் கூட்டிட்டு வந்துச்சு, மதில்கிட்ட ஒரு பெரிய கல்லு யானை மண்டைல விழ, அது மிரண்டு திரும்பி சொந்தப் படையையே மிதிச்சுத் தள்ளிடுச்சாம். அப்பா சிரிச்ச சிரிப்புல பக்கத்துல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. ஆனா முடிவு சிரிக்கற மாதிரி இல்லடா. இருபது வருஷம் கழிச்சு, கார்த்தேஜ்ங்கற எதிரி நகரத்தை அழிச்ச ரோம் தளபதி சிப்பியோ வந்து, நேருக்கு நேர் சண்டையே போடாம சுத்தி ஒம்பது கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பி, டுவேரோ ஆத்துல கத்தி சொருகின மரக்கட்டைங்களைக் கட்டிவிட்டு, நீந்திக்கூட யாரும் தப்ப முடியாம பட்டினி போட்டே கி.மு. 133-ல ஊரை முடிச்சுட்டான். நிறைய பேர் சரணடையறதுக்கு முன்னாடி தங்க உயிரைத் தாங்களே முடிச்சுக்கிட்டாங்க.

இப்ப கண்ணுக்குத் தெரியறது பெரும்பாலும் அப்புறம் ரோம் காலத்துல எழும்பின ஊரு. தெருவுல சேத்துல கால் வெக்காம தாண்டறதுக்கு நடுவுல கல்லு போட்டிருக்கான், வாடைக்காத்து நேரா அடிக்காம இருக்க முக்குல தெருவைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி விட்டிருக்கான். அன்னிக்கு அடிச்ச காத்துல எனக்கு அது நல்லாவே புரிஞ்சுது, ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் பல்லு தந்தி அடிச்சுது.

ஒரு எடத்துல அப்படியே நின்னுட்டேன். வட்டக் கல்லு, நடுவுல ஓட்டை, தேஞ்ச விளிம்பு. பாட்டி உளுந்து ஒடைப்பாங்களே, அந்தத் திருகையேதான்டா! இவங்க ஓக் மரத்துக் கொட்டையைக்கூட மாவாக்கித் தின்னிருக்காங்களாம். பழைய மாதிரியே திரும்பக் கட்டின கூரை வீடு ஒண்ணு இருக்கு, உள்ள தானியம் வெக்க தரைக்கு அடில ஒரு குழி. அப்பா எட்டிப் பாத்துட்டு "நெல்லுக் குதிருக்கு இது தேவல, எலி ஏறாது"ன்னார். எலி எறங்கும்னேன், பதிலே காணோம்.

போட்டோ அக்கா அனுப்புவா. ஜனவரி 1 காலைல உங்க ஊர் டைம் பாத்து கூப்பிடறேன், நியூ இயர்னு சொல்ல மாட்டேன், போனை மட்டும் சைலன்ட்ல போட்டுத் தூங்கிடாத.

அம்மா