அப்பாவுக்கு ஸ்ட்ரோக்னா நமக்கு எம்சி லீவு கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல ஒரு வாசகர், இப்போ உள்ள பசங்க ஒரு வேலையில ஆறு மாசம் கூட நிக்க மாட்டேங்கிறாங்க, மனசுல உறுதி இல்லன்னு எழுதியிருந்தார். அவர் வயசுக்கு மரியாதை குடுக்கிறேன், ஆனா இந்தப் பேச்ச எங்க தாமான் குடியிருப்புலயும் கல்யாண வீட்லயும் கேட்டு கேட்டு காது புளிச்சு போச்சு.

நான் மலேசியாவுல பினாங்கு பெருநிலத்துல இருக்கற பட்டர்வொர்த். எலக்ட்ரானிக் படிச்சிட்டு எதிர்ல தீவுல இருக்கற பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில டெக்னிசியனா சேர்ந்தேன், 12 மணி நேர ஷிப்டு. ப்ரோபேஷன் முடியறதுக்குள்ள அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு. அம்மாவுக்கு கார் ஓட்ட தெரியாது, தம்பி அந்த வருஷம் எஸ்பிஎம், பள்ளிக்கூடத்து கடைசி பெரிய பரீட்சை. நைட் ஷிப்டு முடிஞ்சு பாலத்த தாண்டி பேக்டரி பஸ்ல வந்து இறங்கி, யூனிபார்ம் கூட மாத்தாம அப்பாவ கைத்தாங்கலா கார்ல ஏத்தி பிசியோவுக்கு கூட்டிட்டு போவேன், நம்பர் கூப்பிடறதுக்குள்ள பெஞ்சுலயே தூங்கிருவேன், அப்பாதான் நல்லா இருக்கற கையால தட்டி எழுப்புவார்.

மனசு உறுதி இருந்துச்சுங்க, லீவுதான் இல்ல. வேலைச் சட்டத்துல புதுசா சேர்ந்தவங்களுக்கு வருஷத்துக்கு 14 நாள் எம்சி, அதாவது மெடிக்கல் லீவு உண்டு, அது நமக்கு முடியலன்னாதான், அப்பாவுக்கு முடியலன்னா இல்ல. வருஷ லீவு 8 நாள், அதுவும் ஒரு வருஷம் வேலை செஞ்சாதான் சட்டப்படி கேக்க முடியும். சாவுக்கு கூட தனியா லீவு கிடையாது, கம்பெனி மனசு வெச்சா உண்டு. எங்க கம்பெனி வெக்கல.

என்கூட லைன்ல இருந்த ஒரு பொண்ணுக்கு அம்மா தவறிட்டாங்க, பதினாறு வரைக்கும் அவளால வர முடியல. எச்ஆர்ல ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பாட்டுதான், "நீயே ரிசைன் லெட்டர் குடுத்துரும்மா, ரெக்கார்டு சுத்தமா இருக்கும்". யாரோட ரெக்கார்டு? சொக்சோங்கற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துல 2018ல இருந்து எஸ்ஐபின்னு வேலையிழப்பு காப்புறுதி இருக்கு, நம்ம சம்பளத்துலயும் மாசா மாசம் பிடிக்கிறாங்க, ஆனா நாமளே ரிசைன் பண்ணா அது கிடைக்காது. எனக்கு எப்படியும் கிடைச்சிருக்காது, முதல் தடவை கேக்கறதுக்கு கடைசி 24 மாசத்துல 12 மாசம் கட்டியிருக்கணும், நான் அவ்வளவு கட்டல. அவ முன்னாடியே வேற இடத்துல ரெண்டு வருஷம் வேலை செஞ்சவ, கம்பெனியே நிறுத்தியிருந்தா கிடைச்சிருக்கும். கையெழுத்து போட்டதுல போச்சு.

அப்புறம் பக்கத்துல பிறையில மாமா ஒருத்தர்கூட ஏர்கோன், அதான் ஏசி, சர்வீசுக்கு போனேன். படிச்ச புள்ள ஏணி தூக்குதுன்னு சொந்தக்காரங்க பேசினாங்க, பேசினவங்க யாரும் பிசியோவுக்கு ஒரு நாள் கூட அப்பாவ கூட்டிட்டு போகல, அத விடுங்க. கேஜ் மாட்டி கேஸ் பிரஷர் பாக்கறது, சத்தத்த வெச்சே கம்ப்ரசர் போகப்போகுதுன்னு கண்டுபிடிக்கறது எல்லாம் மாமாகிட்ட கத்துக்கிட்டதுதான். பிற்பாடு ஒரு இண்டர்வியூல நடுவுல ஏன் கேப்னு கேட்டாங்க, உள்ளத சொன்னேன். இண்டர்வியூ எடுத்தவர் என் சர்டிபிகேட்ட மூடி வெச்சிட்டு முழுக்க ஏர்கோன பத்தியேதான் கேட்டார். இப்போ அங்கதான் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், ஓவர்டைம் சேத்தாலும் முதல் வேலைய விட சம்பளம் கம்மிதான், ஆனா வீட்டுப் பக்கம்.

ஆசிரியர்கிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். எஸ்ஐபிய எப்படி கேக்கறது, வேலை போன 60 நாளுக்குள்ள விண்ணப்பம் போடணும்ங்கறது, எதுக்கும் அவசரப்பட்டு ரிசைன் லெட்டர்ல கையெழுத்து போடக்கூடாதுங்கறது, இதையெல்லாம் தமிழ்ல ஒரு அரை பக்கம் ஞாயிறு பதிப்புல போடுங்க. முக்கியமா பிப்ரவரி, மார்ச்ல போடுங்க, எஸ்பிஎம் முடிச்ச பசங்க அப்போதான் பேக்டரி வாசல்ல வேலை விண்ணப்ப பாரம் நிரப்பிக்கிட்டு நிப்பாங்க.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகி