ஹாரி லைமும் ஒரு சின்னப் புட்டியும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போட முடியவில்லை. பேத்திக்கு நிமோனியா, ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தோம். இப்போது தேறிவிட்டாள். கஞ்சி வேண்டாம் என்று கிண்ணத்தைத் தட்டிவிடுகிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி?

'தி தேர்டு மேன்' படத்தில் வரும் கள்ளச்சந்தைக்காரன் ஹாரி லைம், சோவியத்துக்கு உளவு பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி கிம் ஃபில்பிதானே என்று கேட்டிருந்தாய். எனக்கும் பல வருடமாக அந்தச் சந்தேகம் உண்டு. 1934 பிப்ரவரியில் வியன்னாவில் அரசுப் படைகள் தொழிலாளர் குடியிருப்புகள் மீது பீரங்கியால் சுட்டபோது ஃபில்பி அங்கேதான் இருந்தார். பாதாளச் சாக்கடையில் ஒளிந்திருந்த சோஷலிஸ்டுகளுக்காகத் தெரிந்த பத்திரிகையாளரிடம் போய் மாற்றுடை கேட்டு வாங்கினார். படத்தின் கதாசிரியர் கிரகாம் கிரீன் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தபோது அவருக்கு மேலதிகாரி இதே ஃபில்பி. 1944-இல் கிரீன் அந்த வேலையை விட்டார். 1963-இல் ஃபில்பி மாஸ்கோவுக்கு ஓடிப்போன பிறகும் நண்பரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபில்பியின் நினைவுக் குறிப்புகளுக்கு முன்னுரையே எழுதிக் கொடுத்தார்.

படத்திலும் வியன்னா, லைம் ஓடி ஒளியும் சாக்கடை, நண்பனின் இன்னொரு முகம். எல்லாம் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் கதையின் முதல் பொறி வியன்னாவில் விழுந்ததல்ல. பிப்ரவரிக் குளிரில் புதைத்துவிட்டு வந்த ஆள், ஒரு வாரம் கழித்து லண்டன் ஸ்ட்ராண்ட் தெருக் கூட்டத்தில் கண்டுகொள்ளாமல் கடந்து போகிறான். இதை ஒரு கடித உறையில் கிரீன் எப்போதோ குறித்து வைத்திருந்தார். நான்கு நாட்டுப் படைகள் பங்குபோட்டு ஆண்ட வியன்னாவைப் பற்றித் தயாரிப்பாளர் கோர்டா படம் கேட்டதும், 1948-இல் அங்கே போனார். பெனிசிலின் கள்ளச்சந்தையைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் அதிகாரி சொல்லக் கேட்டது அங்கேதான்.

என் மனம் அந்த மருந்திலேயே நிற்கிறது. 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரருக்குப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார்கள். ஆள் தேறத் தொடங்கினார். கையிருப்போ கொஞ்சம், அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது, அவர் இறந்துபோனார். அதற்கப்புறம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெரிய அளவில் தயாரானபோது முதல் பங்கு ராணுவத்துக்குப் போயிற்று. ஆகவேதான் போர் முடிந்த வியன்னாவில் அது தங்கமாக விலைபோனது. கதையில் லைமின் கூட்டம் அந்த மருந்தின் திரவத்தில் சாயத் தண்ணீரும், தூளில் மணலும் கலந்து விற்கிறது.

மருத்துவமனையில் நான்காம் நாள் ராத்திரி, நர்ஸ் பெண் ரப்பர் மூடி போட்ட சின்னப் புட்டியில் ஊசி குத்தித் தண்ணீர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினாள். வெள்ளைத் தூள் கரைந்து தெளிந்தது. "என்ன மருந்தும்மா?" என்றேன். "பெனிசிலின் வகைதான் ஐயா" என்றாள். அந்தத் தூளில் ஒருவன் மணல் கலந்திருந்தால்? எனக்குக் கை நடுங்கிவிட்டது.

படத்தில் அந்தக் கலப்பட மருந்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் வார்டு காட்சி நினைவிருக்கிறதா? ஒரு குழந்தையின் முகத்தைக்கூட நமக்குக் காட்டவில்லை. அவர்களைப் பார்க்கிற லைமின் நண்பனுடைய முகமும், நர்ஸ் போடுகிற ஒரு கரடிப் பொம்மையும்தான். கல்லூரி நாளில் பார்த்தபோது லைமாக நடித்த ஆர்சன் வெல்ஸின் சிரிப்பில் மயங்கி இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். ஃபில்பியின் சாயல் லைமிடம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நம் பேச்சு எப்போதும் லைம் யார் என்பதிலேயே சுற்றுகிறது. அந்தக் கட்டில்களில் கிடந்தது யார் என்று நாம் இருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பேத்தி எழுந்துவிட்டாள், கூப்பிடுகிறாள்.

அன்புடன்,
உன் நண்பன்