ஒரு வாரம் வீட்டுக்குப் போ

சிவகாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். போனில் பேசினால் பாதியிலேயே நீ டீச்சராகிவிடுகிறாய், நான் வாயை மூடிக்கொள்கிறேன். அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஹெச்.எம். செஞ்சது சரிதாம்மா. நீ பேரண்ட்ஸ் பக்கமிருந்து மட்டும் பாக்கிறே." பெற்றோர் எல்லோரும் ஒரே பக்கம் நின்றது போலச் சொல்கிறாய். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

தம்பி உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பான். அவன் வகுப்பு, பதினொன்று பி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ இரண்டு ஃபேனின் இறக்கைகளைத் தாமரைப் பூ மாதிரி மேலே மடக்கிவிட்டார்கள். யார் என்று கேட்டதற்கு ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் முடிவு சொல்லிவிட்டார்கள். 43 பேரும் ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டும், திரும்பி வரும்போது அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போட வேண்டும், தலைக்கு 300 ரூபாய் கட்ட வேண்டும்.

கையெழுத்துப் போடப் போன அன்றைக்குத்தான் பெரிய சண்டை. பைண்டிங் கடைக்காரர் முதலில் ஆரம்பித்தார். "ஃபைன் எதுக்கு சார், வீட்டுக்கு எதுக்கு அனுப்புறீக? கண்ணு ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அடி ஒரு அநியாயமே இல்லை, வேலை மெனக்கெட்டு வந்ததுதான் அநியாயம். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தர் கையில் பேப்பரோடு வந்திருந்தார். 2009 கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனதை நோகடிக்கவும் கூடாது என்று வாசித்தார். 16-ஆம் பிரிவில் பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கவே கூடாது என்று இருக்கிறதே என்றார். ஹெச்.எம். அசரவில்லை. "சார், அது எட்டாவது வரைக்கும். பதினாலு வயசுக்கு மேல அந்தச் சட்டம் பேசாது. நான் யாரையும் நீக்கவும் இல்லை, தொடவும் இல்லை" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நீயும் பி.எட்.டில் இதைப் படித்திருப்பாய்.

ஒரு அம்மா மட்டும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலை, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், எம்மவன் அன்னைக்கு ஸ்கூலுக்கே வரலை. அக்கா வளைகாப்புக்கு லீவ் லெட்டர் குடுத்திருந்தான். அவன் எதுக்கு சார் ஒரு வாரம் வீட்டுல இருந்தான்?" ஹெச்.எம். ரிஜிஸ்தரைப் புரட்டினார். ஆப்சென்ட் என்றுதான் இருந்தது. "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா" என்றார். கூட்டத்தில் சட்டம் பேசியவரும் தோலை உரிக்கச் சொன்னவரும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, அவரவர் பிள்ளை கதைக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு அந்த இடத்திலிருந்து நகர முடியவில்லை.

கணக்கு எழுதுகிற புத்தி எனக்கு. 43 பேருக்கு 300 என்றால் 12,900 ரூபாய். சாதாரண சீலிங் ஃபேன் இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது. இரண்டு வாங்கினாலும் 8,900 மிச்சம். மிச்சம் எங்கே போகும் என்று கேட்டேன். "ஸ்கூல் டெவலப்மெண்டுக்கும்மா" என்றார்கள். உன் அப்பா என் முழங்கையைப் பிடித்து அமுக்கினார். நகைக்கடைக்காரர் அதற்குள் 500 ரூபாய்த் தாளை நீட்டி, சில்லறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் பையனுக்கு அது தண்டனையா? அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் அம்மாவுக்கு அது ஒரு நாள் சோறு.

ஹெச்.எம்.மைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபிறகு எங்கள் நாலைந்து பேரிடம் மனம் விட்டுப் பேசினார். போன வருடம் ஒரு வாத்தியார் ஒரு பையனைச் செல்போனுக்காகத் திட்டியதற்கு, அவன் வீட்டிலிருந்து பத்துப் பேர் ஸ்கூல் கேட்டுக்கு வந்து நின்றார்களாம். அந்த வாத்தியார் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து ஸ்டாஃப் ரூமில் யாரும் எதையும் கண்டுகொள்வதில்லையாம். "கையைக் கட்டிக்கிட்டுப் பாடம் நடத்துறோம்மா. யாரையாவது ஒருத்தனைப் பிடிச்சா அவன் சாதிக்காரன் வருவான், கட்சிக்காரன் வருவான். 43 பேரையும் அனுப்பினா யாரும் வர முடியாது" என்றார். இதைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மொத்த வகுப்பையும் தண்டித்தது கோபத்தால் அல்ல, பயத்தால். 2022-ல் வேலூர்ப் பக்கம் பிள்ளைகள் வகுப்பில் மேசை நாற்காலியை உடைக்கிற வீடியோ எல்லார் போனிலும் வந்ததே, அப்போது அமைச்சரே சட்டசபையில் ஒழுங்கீனமாக நடந்தால் டி.சி.யில் எழுதி அனுப்புவோம் என்றார். உங்களைப் போன்ற வாத்தியார்களுக்கு அது ஆறுதலாக இருந்தது என்று நீதானே சொன்னாய்? அந்த ஆறுதல் எனக்குப் புரிகிறது.

குமாஸ்தா இன்னொன்றும் காட்டினார். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆவது விதி. முன்னே அதில் அடி இருந்திருக்கிறது. வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமாக நடப்பது, அப்பட்டமாகக் கீழ்ப்படியாமல் இருப்பது என்று சிலவற்றுக்கு மட்டும். கையில்தான் அடிக்கலாம், ஆறு அடிக்கு மேல் போகக்கூடாது, அதுவும் ஹெச்.எம். அடிக்க வேண்டும் அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். 2003-ல் அதை மாற்றி, உடம்புக்கும் மனதுக்கும் வலி கொடுக்காமல் இம்போசிஷன் போன்ற வழிகளில் பிள்ளை தன் தப்பை உணர வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். பழையது போனது நல்லது. உன் தாத்தா கையில் இருந்த தழும்பை நீயும் பார்த்திருக்கிறாய். ஆனால் ஒன்று யோசித்தேன். அந்தக் கொடுமையான விதியில்கூட, யார் தப்பு செய்தான் என்று தெரியாமல் ஆறு அடியை யார் கையில் அடிப்பது? ஆளைக் கண்டுபிடித்தால்தான் பிரம்பை எடுக்க முடியும். இப்போது பிரம்பும் இல்லை, கண்டுபிடிக்கிற வேலையும் சேர்ந்து போய்விட்டது. 2024-ல் உயர்நீதிமன்றம், பிள்ளைகளை அடிப்பதை ஒழிக்க தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் போட்ட வழிகாட்டு நெறிகளைப் பள்ளிக்கூடங்களில் நடைமுறைப்படுத்தச் சொன்னதே, உங்கள் பயிற்சியில் அதைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். யார் செய்தது என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் முகம் அப்படி. நீ போனில் "உண்மையைச் சொல்லுடா" என்று சத்தம் போட்டாய். அப்பாவும் அதையேதான் சொன்னார். "சொன்னா அப்புறம் அந்தக் கிளாஸ்ல உக்கார முடியாதும்மா" என்றான் அவன். நான் அவனை வற்புறுத்தவில்லை. இதில் அப்பாவுக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. திருடனுக்குத் துணைபோகிறவனும் திருடன்தான் என்பது அவர் கட்சி. 43 பேரை நிற்க வைத்து, பேர் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் தண்டனை என்று சொல்வது பிள்ளையை உண்மை பேச வைக்கிற வழியா, அல்லது கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க விலை பேசுவதா? பதினாறு வயதில் அந்த விலைக்கு வாய் திறக்காதவனை நான் குறை சொல்ல மாட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. யாரும் அப்படிக் கேட்கவில்லை.

பிறகு நடந்ததைக் கேள். எல்லோரும் திரும்பி வந்த பிறகு, கபடி விளையாடிக்கொண்டிருக்கும்போது, வளைத்தவனே பி.டி. வாத்தியாரிடம் போய் நான்தான் சார் என்று சொல்லிவிட்டான். அவர் அவனை ஹெச்.எம். ரூமுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "அதான் பனிஷ்மெண்ட் முடிஞ்சுபோச்சே, இனிமே கிளற வேண்டாம்" என்று ஹெச்.எம். அனுப்பிவிட்டாராம். தப்பு செய்தவனுக்கும் வளைகாப்புக்குப் போனவனுக்கும் ஒரே கணக்கு, அதுவும் தீர்ந்த கணக்கு. ஃபேன் இன்னும் மாட்டவில்லை.

உன்னிடம் நான் சொல்ல வந்தது இதைக்கூட இல்லை. நம் ஊரில் ஒரு பையனை நவம்பர் மாதத்தில் ஒரு வாரம் வீட்டுக்குப் போகச் சொன்னால் அவன் எங்கே போவான்? உனக்குத் தெரியாததா? ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிப் படங்களின் ஆல்பம் வந்ததிலிருந்து காலண்டர் வேலை ஏறிக்கொண்டே போய், கார்த்திகையில் ராத்திரி பகல் இல்லாமல் ஓடும். அச்சாபீஸில் ஆள் போதாது. தம்பி வகுப்பில் எட்டுப் பத்துப் பேர் இரண்டாம் நாளே தாள் அடுக்க, காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போய்விட்டார்கள். வாரக் கூலி கையில் வந்தது. அதில் 300 ரூபாயை ஃபைனாகக் கட்டிவிட்டு மிச்சத்தில் டிரஸ் எடுத்தவனும் உண்டு. ஒருத்தன் திரும்பி வரவில்லை. என் ஆபீஸுக்குப் பக்கத்து அச்சாபீஸில்தான் இருக்கிறான். தினமும் டீ வாங்கப் போகும்போது பார்க்கிறேன். நன்றாகப் படிக்கிற பையன் என்று பொய் சொல்ல மாட்டேன், சுமாரான பையன். அப்பா இல்லை, அண்ணன் எங்கேயோ போய்விட்டான். பதினொன்று வரைக்கும் அவனைத் தள்ளிக்கொண்டு வந்ததே அவன் அம்மாவின் பிடிவாதம்தான். "ஸ்கூலுக்குப் போகலையாடா?" என்றால், "அவங்கதானக்கா போகச் சொன்னாங்க" என்கிறான். எமிஸில், அதுதான் பள்ளிப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் பதிவில், அவன் பேர் இன்னும் இருக்கிறது. ஆள் இங்கே இருக்கிறான்.

நகைக்கடைக்காரர் பையன் அந்த ஒரு வாரமும் டியூஷனுக்குப் போனான். தம்பி வீட்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஒரே தண்டனை என்று நோட்டீஸில் எழுதலாம், பாப்பா, ஒரே தண்டனையாக அது இறங்குவதில்லை. வகுப்புக்கு வராதே என்று சொல்வது, வகுப்பு பிடித்தவனுக்குத்தான் வலிக்கும். பிடிக்காதவனுக்கு அது கதவைத் திறந்துவிட்ட மாதிரி. எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால், 43 பேரையும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்து, அந்த ஃபேனைக் கழற்றி, எலக்ட்ரீஷியன் ஒருவரை வரச்சொல்லி, அவர் பக்கத்தில் நிற்க அவர்கள் கையாலேயே சரிசெய்ய வைத்திருப்பேன். இது தண்டனையே இல்லை என்று அப்பா சொல்கிறார். இருக்கட்டுமே.

வரும் பெற்றோர் கூட்டத்தில் அந்த 8,900 ரூபாயை மறுபடியும் கேட்கப் போகிறேன். வளைகாப்புப் பையனின் 300 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் போகிறேன். அப்பா வரமாட்டாராம். தீப்பெட்டி ஆபீஸ் அம்மா வருகிறேன் என்றிருக்கிறார்கள். அச்சாபீஸ் பையனைப் பற்றி ஹெச்.எம்.மிடம் தனியாகப் பேச வேண்டும். அவரே ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டால் வருவான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாத்தியார் வீடு தேடி வந்தால் எந்த அம்மாவும் சும்மா இருக்க மாட்டாள். நீ எப்படி நினைக்கிறாய், போவாரா?

உன் ஒன்பதாம் வகுப்பில் இப்படி ஒன்று நடந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்கு எழுது. சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதாதே, அதைக் குமாஸ்தா சொல்லிவிட்டார். எத்தனை மணிக்கு, யாரை, எங்கே வைத்துக் கேட்பாய் என்று எழுது. நான் தப்பு என்று தோன்றினால் அதையும் எழுது, போனில் கத்தாதே.

பார்சலில் பருப்புப் பொடியும் தினசரி காலண்டர் இரண்டும் வைத்திருக்கிறேன். முருகன் படம் போட்டது உன் ரூமுக்கு. மற்றதை உன் ஹெச்.எம்.முக்குக் கொடு, புதுசாகப் போன இடத்தில் அவர்களுக்கும் ஒரு சந்தோஷமாக இருக்கும். அங்கே பனி அதிகம் என்றாயே, காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்.

இப்படிக்கு,
அம்மா