மூன்றும் மூன்றும் ஆறாகாது, அண்ணைமார்

யாழ்ப்பாணத்தில் கேமிங் பிசி பூட்டி விற்கிற கடைக்கார அண்ணைமாருக்கு,

வணக்கம். போன மாசம் உங்களில் ஒருவரிடம் இரண்டாவது கிராபிக்ஸ் கார்ட் வாங்கிய கோண்டாவில் பெடியன் எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். இதே கதையை வேறு கடைகளிலும் கேட்டிருக்கிறேன்.

என்னிடம் ஏற்கெனவே இருந்தது பாவித்த என்விடியா கார்ட், ஜிடிஎக்ஸ் 1060, 3 ஜிபி நினைவகம். கேம் செக்கனுக்கு 40 ஃபிரேமைத் தாண்டாது. "இதே மாதிரி இன்னொன்று பூட்டினால் 6 ஜிபி தம்பி, ஸ்பீட் இரட்டிப்பு" என்றீர்கள். இரண்டு மாசம் ரியூசன் குடுத்த காசு போனது.

வீட்டில் வந்து கார்டின் மேல் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். எஸ்எல்ஐ, அதாவது இரண்டு என்விடியா கார்டைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கிற முறை; அதற்கான இணைப்புத் துண்டு (பிரிட்ஜ்) செருகும் இடமே இல்லை. 2016இல் 1060 வந்த நாளிலிருந்தே அதற்கு எஸ்எல்ஐ கிடையாது. இருந்திருந்தாலும் 6 ஜிபி ஆகியிராது. ஒரே தரவைத்தான் இரண்டு கார்டும் தனித்தனியாக வைத்திருக்கும். போதாததற்கு, 2021 ஜனவரி 1 முதல் புதிய எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒவ்வொரு கேமுக்கும் எஸ்எல்ஐ வேலை செய்யத் தேவையான அமைப்பு) சேர்ப்பதையே என்விடியா நிறுத்திவிட்டது. விற்கிறவருக்கு இது தெரியாதா?

அன்றிரவு நடந்ததையும் கேளுங்கள். கேஸுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கார்ட், நடுவில் ஒரு விரல் இடைவெளி. மேல் கார்டின் விசிறிக்கு இழுக்கக் காற்றில்லை. இருபது நிமிடத்தில் 84 பாகை. கீழ் கார்ட் ஒரு வேலையும் செய்யாமல் குந்தியிருக்க, 40 ஃபிரேம் 36 ஆனது. குசினியிலிருந்து அம்மா, "ஆரடா இந்த நேரத்திலை கிரைண்டர் போடுறது?" என்று கேட்டா.

அடுத்த நாள் அந்த இரண்டாவது கார்டைக் கழற்றினேன். நீங்கள் பூட்டித் தந்த ராம் 8 ஜிபி, ஒற்றைத் துண்டு. சிநேகிதனிடம் அதே வகையில் இன்னொன்று இரவல் வாங்கி, இரண்டு ராமும் ஒரே நேரத்தில் தரவு அனுப்புகிற டூயல் சனலுக்குரிய ஸ்லாட்டில் போட்டேன். கேமின் அமைப்பில் நிழலின் தரத்தையும் ஒரு படி குறைத்தேன். விக்கி விக்கி நின்ற கேம் ஓடியது. இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

நான் கேட்பது ஒன்றுதான்: பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மொடலையும் எழுதுங்கள், இரண்டாவது கார்ட் வேலை செய்யுமா என்பதையும் எழுதுங்கள். என் பில்லில் இருப்பது "கேமிங் ஐட்டம் 1". தோசைக் கடையில்கூட சாதாவா நெய்யா என்று எழுதுகிறார்கள்! பவர் சப்ளையில் உண்மையில் எத்தனை வாட் என்று கேட்டால், ஏழு நிறத்தில் எரிகிற விசிறியைக் காட்டுகிறீர்கள். நல்லூர்ச் சப்பறம் தோற்றுவிடும், சரி. ஆனால் அந்த விசிறிக் காசுக்கு நல்ல பவர் சப்ளை ஒன்று போடலாமே.

கோபத்தில் கொஞ்சம் கூடக் கதைத்துவிட்டேன், மன்னியுங்கள். மொடலை எழுதித் தாருங்கள், அவ்வளவுதான். வருகிற சனிக்கிழமை அந்தக் கார்டோடு கடைக்கு வருவேன். பழைய பில்லும் கையில் இருக்கும். பின்பக்கம் வெறுமையாகத்தான் கிடக்கிறது, அதில் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்